பதினேழாம் எண் வில்லை

நீந்தப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. இந்த நீர்த்தேக்கக் கரையில் நாற்பத்தொரு வருடமாக இதைச் சொல்லி வருகிறேன், அதிகாரி.

வில்லைப் பலகையும் என் ஏற்பாடுதான். தண்ணீரில் இறங்குபவர் தம் எண் போட்ட மர வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். கரையேறியதும் தாமே கழற்ற வேண்டும். வில்லை தொங்கினால் படகு தேடிப் போகும். பலகை காலியென்றால் படகைக் கட்டிவிடலாம். உகார்தே கரையில் இந்த ஞாயிறு வரை ஒருவரும் மூழ்கியதில்லை.

நொயேலியா அணை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். நல்ல நீச்சல்காரி. அந்த ஞாயிற்றுக்கிழமை வில்லையை மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

"தோன் எவாரிஸ்தோ, பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்கு. உங்கப்பா ஏரியை நீந்திக் கடந்தாருன்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கீங்களே, அதே வாரம் எடுத்தது. நடு ஏரியில வேலிக்கம்பமெல்லாம் தலை நீட்டிக்கிட்டு நிக்குது. மனுஷன் நடந்தே போயிருக்காரு போல."

"எங்கப்பாவைப் பத்திப் பேசறப்ப தொப்பியைக் கழட்டும்மா."

"கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் கறி சுடறப்ப எல்லாருக்கும் காட்டறேன். சும்மா சிரிக்கத்தான்."

சிரிக்க. இந்தக் கரைக்கு வைத்த எங்கள் குடும்பப் பெயரும், வருடாந்தர நீச்சல் விழாவும், ஊரில் எங்களுக்கு விட்டுவைக்கும் முதல் நாற்காலியும் அந்த ஒரு நீச்சலில் வந்தவை.

அவள் இறங்கிய பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விசிலைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பதினொரு மணிக்குத் தென்காற்று கிளம்பியது. எல்லாரும் கரையேறும்படி விதிப்படி இருமுறை ஊதினேன். எட்டுப் பேர் வந்து வில்லைகளைக் கழற்றினார்கள். பதினேழாம் எண் மட்டும் காற்றில் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நிற்கவில்லை. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படகோட்டி சிரிலோ வந்தான். "எல்லாரும் ஏறியாச்சா பெரியவரே? அந்த வாயாடிய காணோமே."

"பலகையைப் பாரு."

பார்த்தான். "அப்ப சரி. சொல்லாம வீட்டுக்கு ஓடிட்டா போல. நான் போய்க் கறியைப் புரட்டறேன்." படகைக் கட்டிவிட்டுப் போனான்.

தொலைநோக்கி என்னிடம் இருந்தது. பாறை முனைக்கு அப்பால் அவள் இடுப்பில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவை கயிறு அறுந்து தனியே போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு கையை நேராக உயர்த்தினாள். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. நான் கற்றுக்கொடுத்தது. மூன்று முறையும் சரியாகவே உயர்த்தினாள்.

வில்லை இதோ. அவள் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். பலகை ஏற்பாட்டில் குறை இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் போட்டோவை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அப்பா அக்கரையில் ஏறியபோது துவாலையோடு காத்து நின்றவன் நான். எனக்கு ஏழு வயது. ஊரே கைதட்டியது. துவாலையை அவர் தலையில் போட்டுத் துவட்டினேன். துவட்டும் முன்பே முடி காய்ந்திருந்தது.