ரங்கூன் போன பிள்ளையின் அறை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரயில். எதிரே ஒரு புருஷன் பெண்டாட்டி.

"நாளைக்கே அந்த ரூமைக் காலி பண்ணு. கட்டிலு, துணிமணி ஒண்ணும் இருக்கக் கூடாது."

"ரங்கூன்லேர்ந்து புள்ள திரும்பி வந்தா?"

"யுத்தந்தான் முடிஞ்சு போச்சே. வர்றவனா இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டானா? பொண்ணக் கட்டிக்கப் போறவரு நம்ம வூட்லதான் இருக்கப் போறாரு. தெருவுலயா படுப்பாரு?"

பெட்டியில் இருந்த நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"துணியைக் கூடவா குடுக்கணும்?"

"அதைத்தான் மொதல்ல. யாருக்காவது குடுத்துத் தொலை."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, குடுத்துடறேன். வூட்டுக்குப் போனதும் நீங்க போட்டிருக்கிற அவன் சட்டையையும் கழட்டிக் குடுங்க."

அவர் சட்டையின் மார்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். சிதம்பரம் வரைக்கும் விடவில்லை.