அளந்து எழுதின கெளுத்தி

இல்லம்மா கலைப்பிரியா, உம்மேல எனக்கு இன்னா கோவம்? கரையாண்ட வந்து பெரிய போட்டுக்காரங்க தரையோட வலைய இழுக்கறத நிறுத்துங்கன்னு எங்க ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. இங்க கெளுத்தி ஒண்ணும் கொறையல, நீ எழுதற மீன் கணக்குல இருக்குதுன்னு பதிலு வந்துடுச்சு. நீ இன்னா பண்ணுவ, கண்ணுல பாத்தத எழுதன.

கொஞ்சம் இப்பிடி தள்ளி உக்காரு, வெயிலு அடிக்குது. பஸ்ஸு திண்டிவனம் போறதுக்குள்ள சொல்லிடறேன்.

கெளுத்தியில ஆம்பளதான முட்டைய வாயில வெச்சிக்கினு திரியும். கோலிகுண்டு பெருசு இருக்கும். குஞ்சு போற வரைக்கும் எரை எடுக்காது. எங்க ஊட்டுக்காரரு பச்சைமுத்து ஒரு சீசனு பெரிய போட்டுல வேலைக்கிப் போனாரு. வலைய மேல தூக்கனா அத்தினியும் முட்டைய கக்கிடுமாம். அதுமேல கால வெச்சி வழுக்கி உழுந்தாராம். வாணாம்டா சாமின்னு வந்துட்டாரு.

அப்பறம் எங்க சின்ன வலையில திருக்கை வர்றது நின்னுச்சு, நாக்குமீனு நின்னுச்சு. கெளுத்தி கடசியா நின்னுச்சு. ரெண்டு வருசம் முன்ன நீ மொதமொதல்ல மீன அளக்க ஸ்கேல எடுத்துக்கினு வந்த பாரு, அதுக்கு முன்ன இருவது நாளா மனுசன் வெறும் வலையோட வந்துக்கினு இருந்தாரு. யாராண்டயும் பேச்சு கெடையாது. போட்ட சோறு போட்டபடியே இருக்கும். நீ வேற நேரா அவராண்ட போயி, இன்னிக்கி இன்னாண்ணா கெடச்சுதுன்னு சிரிச்சிக்கினே கேட்ட. அவரு தலைய குனிஞ்சிக்கினாரு. எனக்குத் தாங்கல. நான் விக்கற கூடையில ஆறு கெளுத்தி கெடந்துது. இதோ, அவரு புடிச்சதுன்னு நீட்டிட்டேன்.

நீ அளந்து எழுதிக்கின. அவரு வாயே தொறக்கல. ஆனா அன்னிக்கி சாப்ட்டாரும்மா.

அதுலேர்ந்து வாராவாரம் நீ வர, நான் நீட்டறேன். எப்பிடி நிறுத்தறதுன்னு தெரியல. இதனால யாருக்கு இன்னா ஆயிடப்போவுதுன்னு இருந்துட்டேன். மனுவுக்குப் பதிலு வந்த அன்னிக்கிதான் அவரு என்ன நிமிந்து பாத்தாரு. அம்சவள்ளி, அந்தப் பொண்ணாண்ட சொல்லிடுன்னாரு. அவ்ளோதான்.

இப்ப அழிச்சிட்டு வேற எழுத முடியாதா? எல்லாம் மேல ஆபீசுக்குப் போயிடுச்சா. ம்.

அதனால இன்னா, வேற யாரு வலையில உழுந்தா இன்னா, உங்க ஊரு கெளுத்திதானேங்கற. அதான் இல்லம்மா. எங்க ஊர்ல எவன் வலையிலயும் உழல. திண்டிவனத்துல ஐஸ் பெட்டியில வந்து எறங்கும். அத வாங்கியாந்துதான் நான் தெருத்தெருவா விக்கறது. எந்தக் கடல்லேர்ந்து வருதுன்னு லாரிக்காரனுக்கே தெரியாது. ரெண்டு வருசமா நீ அளந்தது அதத்தான்.

நாளைக்கி செவ்வாக்கெழம, நீ வருவ. இன்னா பண்றதுன்னு தெரியல. இப்பயும் அத வாங்கத்தான் போய்க்கினு இருக்கறேன்.