ஒரு குப்பி ஒருவருக்கு

எல்லாப் பல்லிக்கும் இமை இருப்பதில்லை. ஊரில் சுவரில் ஓடுகிற பல்லி நாக்கால்தான் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். என் பல்லிக்கு இமை உண்டு. நித்திரை வந்தால் நம்மைப் போல மூடும். மஞ்சள் உடம்பு என்பதால் பவுண் என்று பெயர் வைத்தேன்.

நோர்வேயில் அதை வளர்ப்பது குற்றம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சுவீடனில் குற்றமில்லை. 2005இல் ஒரு சனிக்கிழமை, மலிவு இறைச்சிக்கு எல்லை தாண்டுகிறவர்களோடு நானும் போய், சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து அம்மருட் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த வருடம் தோல் உரித்தபோது ஒரு துண்டு இமைக்குள் ஒட்டிக்கொண்டது. கண் வீங்கிச் சீழ் கட்டியது. கண் தெரியாத பல்லி இரை பிடிக்காது, பட்டினியில் சாகும். மிருக வைத்தியரிடம் போனால் பொலிசுக்குச் சொல்வார்கள், பிறகு அதைக் கொன்றுவிடுவார்கள். கிருமி கொல்லும் கண்மருந்தோ மருத்துவரின் சீட்டில்லாமல் கிடைக்காது. ஆகவே கண்நோய் உள்ள ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

நான் பஸ் ஓட்டுகிறவன். என் கண்ணில் கைவைக்க முடியாது. என் மனைவி வசந்தமலர் அப்போது மொழி வகுப்புக்கு மட்டும்தான் போய்வந்தாள். பவுணின் சீழைப் பஞ்சால் ஒற்றி, அவள் முகம் துடைக்கும் துவாயில் தடவினேன். மூன்று நாள் பிடித்தது.

"இஞ்சருங்கோ, கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரிக் கிடக்கு," என்றாள். பிறகு பவுணின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து, "பாவம், இதுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்," என்று சிரித்தாள். நல்ல மனம் அவளுக்கு. அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன்.

மருத்துவரிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். வீட்டில் மிருகங்கள் உண்டா என்று கேட்டார். "ஓம், பல்லி ஒண்டு நிக்குது எண்டு சொல்லுங்கோ," என்றாள். இல்லை என்று சொன்னேன். பொலிசிலிருந்து என்னை விசாரிக்கிற உங்கள் பக்கத்தில் இருக்கும் இந்த அக்கா எதையும் விடாமல் மொழிபெயர்க்கிறார். அது அவர் படித்த வேலை.

குப்பி சிறியது. ஒரு குப்பியை ஒருவர் மட்டுமே பாவிக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. இப்படியான விடயங்களில் நான் கவனமானவன். மருந்தைப் பவுணுக்கு வைத்துக்கொண்டேன். வசந்தமலருக்கு உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, வேறு குப்பியில் ஊற்றி, நாளுக்கு நான்கு தரம் நானே விட்டேன். ஒரு தரமும் தவறவிடவில்லை.

பத்தாம் நாள் பவுண் கண் திறந்தது. சில்வண்டைப் பாய்ந்து பிடித்தபோது சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.

"எனக்கு மட்டும் ஏன் மாறேல்லை? திரும்ப டொக்டரிட்டைப் போவமே?"

"கொஞ்சம் பொறுமப்பா," என்றேன். போனால் சீழை எடுத்துச் சோதிப்பார்கள். வலது கண்ணில் வெள்ளையாய்ப் பூ விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தக் கண்ணைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருப்பேன். தை மாதம் பவுணுக்கு மறுபடி கண் வீங்கியது, குப்பியும் முடிந்திருந்தது. பார்வை போன கண்ணுக்கு யாரும் மருந்து எழுதமாட்டார்கள். அதனால் இடது கண்.

ஆனால் மருத்துவர் இந்தமுறை மருந்து தரவில்லை. மிஞ்சியிருப்பது ஒற்றைக் கண் என்று நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே தாதி என்னை வெளியே இருத்திவிட்டு வேறு மொழிபெயர்ப்பாளரை அழைத்தாள். மிருகங்கள் பற்றி அதே கேள்வி. "பல்லி நிக்குதெண்டு முதலே சொன்னனாங்கள்தானே," என்று வசந்தமலர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்து பவுணைப் பெட்டியோடு எடுத்துப்போனீர்கள்.

இடது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறதாம். வருத்தம்தான். ஆனாலும் அவளைக் கைபிடித்து நடத்த இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். பவுணுக்கு என்னை விட்டால் நாதியில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா என்கிறீர்கள். ஒன்றே ஒன்று. பவுண் கண் திறந்துவிட்டதா?