மூன்று இழுப்பு

மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். தொண்டாமுத்தூரிலிருந்து கோயமுத்தூர் போகிற தடம். நிலா இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சோளம். முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள். இருவரும் பட்டாளத்துக்காரர்கள்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து வெளியே போகக் கூடாது, போனால் துணைக்கு நான் வர மாட்டேன். இது என் சிநேகிதன் திருமூர்த்தியின் பெரியப்பா பாலுசாமிக்கு நடந்தது. பின்னால் நடந்தவர் அவர்தான். முன்னால் போனவன் ஜமேதார் சென்னகேசவன். அவனுக்கு என்ன மரியாதை? அவன் செய்ததைக் கேட்டால் நீங்களும் கொடுக்க மாட்டீர்கள்.

முப்பத்தாறாம் வருஷம் பட்டாளத்தில் ஒரு தனிப் பிரிவு சேர்த்தார்கள். ஆட்களைப் பொறுக்கி எடுத்து, நம் மலையடிவாரத்தில் முகாம் போட்டு, இருட்டு வேலைக்குப் பழக்கினார்கள். வடக்கே எல்லை மலையில் எதிரி முகாமுக்குள் நுழைய வேண்டும். காவல்காரனைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் திரும்ப வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு. காய்ந்த தேக்கிலை மேல் நடந்தால் இலை நொறுங்கக் கூடாது. கட்டெறும்பு கடித்தாலும் 'ஸ்' என்று மூச்சு வரக் கூடாது. நாக்குக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொள்ளச் சொல்வான், பழக்குகிற ஜமேதார் சென்னகேசவன். கல்லைத் துப்பினவன் காலையில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பேச்சுக்குப் பதில் கயிறு. முன்னால் போகிறவன் இடுப்பில் ஒரு முனை, பின்னால் வருகிறவன் இடுப்பில் மறுமுனை. ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் கிளம்பு. மூன்று என்றால்... ஆபத்து, என்னை இழு. பழகப் பழக, மனசு யோசிக்கும் முன்பே கால் கேட்டுவிடும்.

அந்தப் பிரிவில் பாலுசாமியின் கூட்டாளி அங்கப்பன். பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பம். யானை இறங்குகிற காட்டில் ராக்காவல் இருந்து பழகியவன், பூனை நடை. ஒரு நாள் பிரிவின் வெள்ளைக்காரத் துரை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: அடுத்த மாதத்திலிருந்து அங்கப்பனே மற்றவர்களைப் பழக்கட்டும் என்று. ஜமேதார் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தான். வயிறு எப்படி எரிந்திருக்கும் பாருங்கள்!

மறுநாள் இரவே அங்கப்பனுக்கு ஒரு சோதனை வைத்தான். அங்கப்பன் முன்னால், இவன் பின்னால். சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு மொட்டைக் கிணறு, சுற்றுச் சுவர் கிடையாது. ஜமேதாருக்கு அது தெரியும். அங்கப்பனுக்குத் தெரியாது. பின்னாலிருந்து இரண்டு இழுப்பு. அங்கப்பன் நம்பி நடந்தான்...

விடிந்ததும் கிணற்றில் இறங்கியவர் பாலுசாமி. முழங்கால் தண்ணீர், அடியில் பாறை. அங்கப்பனின் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தன. தொங்கிக்கொண்டே இழுத்திருக்கிறான். கத்தியிருந்தால் முகாமே ஓடி வந்திருக்கும். கத்தவில்லை, பாவி மகன். பல் இடுக்கில் கல் அப்படியே இருந்தது. கறுப்புக் கல், நடுவில் வெள்ளைக் கோடு.

"கயிறு அறுந்து போச்சு" என்றான் ஜமேதார்.

பாலுசாமி கயிற்றைச் சுருட்டும்போது பார்த்தார். ஜமேதார் இடுப்பில் இருந்த முனையில் ஒரு பிரி கூடப் பிய்ந்திருக்கவில்லை. முடிச்சு இருந்த மடிப்பு அப்படியே இருந்தது. நிதானமாக அவிழ்த்த கயிறு.

ஆனால் துரை கேட்டபோது, "அறுந்துதானுங்க கெடந்துது" என்று சொல்லிவிட்டார். ஜமேதார் பக்கத்திலேயே நின்றான். உண்மையைச் சொன்னால் பிரிவை விட்டுத் துரத்திவிடுவான் என்ற பயம்தான், வேறென்ன.

அடக்கத்தின்போது அந்தக் கல்லை எடுக்கப் பார்த்தார்கள். தாடை திறக்கவில்லை. அங்கப்பனின் தாய் ராமாத்தாள் கையை நீட்டித் தடுத்தாள். அழவில்லை. பாலுசாமியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உடுங்க சாமி. எம்மவன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அந்தக் கல்லு யாரு வாய்க்குப் போகோணுமோ... அவனே கொண்டு போய்ச் சேத்துவான்."

கல்லோடுதான் புதைத்தார்கள்.

ஒரு மாதம் போனது. ஜமேதாருக்குப் பதவி உயர்ந்து உத்தரவு வந்தது. கோயமுத்தூரில் விடியற்காலை ரயில். பெட்டி தூக்கவும் லாந்தர் பிடிக்கவும் பாலுசாமி. இப்படித்தான் இருவரும் அந்தத் தடத்தில் நடந்தார்கள்.

அந்தக் கிணறு இருக்கிற சோளக்காடு வந்ததும் ஜமேதார் சட்டென்று நின்றான். யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தியதுபோல. காற்றில்லை. எங்கிருந்தோ கிணற்றுப் பாசி நாற்றம்... பிறகு நடந்தான். தடத்தில் அல்ல. சோளத்துக்குள்.

"ஏனுங்க ஜமேதார்... அங்க எங்கீங்க போறீங்க?"

திரும்பினான். பாலுசாமி லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். ஜமேதாரின் ஒரு கன்னம் புடைத்திருந்தது. வாயைத் திறக்கப் பார்க்கிறான், தாடை அசையவில்லை. இரண்டு கையாலும் உதட்டைப் பிய்க்கிறான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. கால் மட்டும் தன்பாட்டுக்கு நடக்கிறது... பழக்கிய கால். அத்தனை சோளத்துக்குள் நடந்தும் ஒரு தாள் சரசரக்கவில்லை.

பெட்டியைப் போட்டுவிட்டுப் பாலுசாமி பின்னால் ஓடினார். கிணற்று மேட்டில் மண் சரிந்தது. ஆளைக் காணோம். விழுந்த சத்தமும் இல்லை. அதே நேரம் அவர் உள்ளங்கைக்குள் என்னவோ வந்தது. ஈரமாக. சில்லென்று. கயிறு! கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. அதன் கீழே ஒரு ஆள் பாரம்.

ஒன்று... இரண்டு... மூன்று.

இழுத்திருக்கலாம். தெம்பான ஆள்தான். ஆனால் அங்கப்பனின் அறுபட்ட உள்ளங்கை ஞாபகம் வந்தது.

"அவனும் இப்படித்தானேடா இழுத்திருப்பான்!"

விரல்களை விரித்துவிட்டார். கீழே 'சொத்'தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

காலையில் பிணத்தை எடுத்தார்கள். கயிறு எதுவும் இல்லை. வாயை நெம்பித் திறந்தபோது ஒரு கல் விழுந்தது. கறுப்புக் கல். நடுவில் வெள்ளைக் கோடு.

கணக்குத் தீர்ந்தது என்றுதான் பாலுசாமி நினைத்தார். அன்றிரவு கண் அசரும்போது அவர் இடுப்பில் என்னவோ... மெதுவாக. ஒன்று. இரண்டு.

கிளம்பு.

பட்டாளத்தை விட்டே வந்துவிட்டார். இப்போது துடியலூரில்தான் இருக்கிறார். வீட்டில் திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னவர், ராமாத்தாளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை தைரியம் வரவில்லை. படுக்கும்போது கட்டில் காலோடு தன்னைக் கட்டிவிடச் சொல்வார்.

"கட்டிக்கிட்டுப் படுத்தாத் தூக்கம் வருமுங்களா பெரீப்பா?" என்று திருமூர்த்தி கேட்டானாம்.

"கட்டலீன்னா நடந்து போயிருவேன் கண்ணு."

தினமும் திருமூர்த்திதான் கட்டுகிறான். இறுக்கி, இரட்டை முடிச்சு. வெளிக் கதவுக்குப் பூட்டு வேறு. ஆனாலும் விடிந்து பார்த்தால் பெரியப்பா கட்டிலில்தான், கயிறு மட்டும் தரையில் கிடக்கிறதாம். அறுந்து அல்ல... நிதானமாக அவிழ்த்து. முனையில் கிணற்றுப் பாசி.