களியில் வெந்த பொடி

— கொதிக்கிற களியிலயா போட்ட?

— பின்ன எதுல போடறது, டாக்டரய்யா? உலைத்தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ராகி மாவோட சேத்துக் கொட்டி, துடுப்பால நல்லாக் கிண்டிடுவேன். ஒரு சிட்டிகை வீணாவலை.

— ஒரு சிட்டிகை பாக்கியில்லாம அத்தனையும் வீணாப் போச்சும்மா. நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? சாப்பிட்டதும் ஆறின தண்ணியில கலக்கிக் குடிக்கணும்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க.

— அப்புறம்?

— அட போங்க. தண்ணியில கலக்கிக் குடுத்தா என் வூட்டுக்காரரு குடிப்பாரா? இங்கிலீசு மருந்துன்னு தெரிஞ்சா சொம்போட தூக்கி வாசல்ல வீசுவாரு. உங்களுக்கென்ன, நாற்காலியில உக்காந்துகினு சொல்லிட்டீங்க.

— முனிலட்சுமி, ஒண்ணு கேட்டுக்கோ. நம்ம வயித்துல சோத்தைக் கரைக்க ஒரு நீர் ஊறுது. அதே மாதிரி நீரை எடுத்துக் காயவெச்சுப் பொடியாக்கினதுதான் இது. கொதிக்கிற தண்ணி பட்டா செத்துப் போயிடும். நீ இத்தனை நாளும் புருஷனுக்குக் குடுத்தது மருந்தே இல்லை, வெறும் தூசு.

— பொடி எப்பிடிங்க சாவும்?

— முட்டையை வேகவெச்சா குஞ்சு பொரிக்குமா?

— அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? முட்டை மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்கும். பாட்டில் மேல எழுதியிருக்குன்னு காட்டினீங்க. எனக்கென்ன இங்கிலீசா தெரியும்?

— என் தலையெழுத்து. நீ வந்து குணமாவலை, குணமாவலைன்னு நிப்ப. நான் அளவை ஏத்துவேன். அரைக் கரண்டி, ஒரு கரண்டி, ஒண்ணரைக் கரண்டி. எல்லாம் உலைக்குள்ளயே போயிருக்கு.

— ஆனா மொதல்ல நல்லாத்தான் கேட்டுதுங்க. கொஞ்ச நாள் எரிச்சல் இல்லன்னாரு. ரெண்டு உருண்டை கூடத் தின்னாரு.

— அது பொடி செஞ்சது இல்லை. வயித்துப் புண்ணோட குணமே அப்படித்தான், கொஞ்ச காலம் அடங்கும், கொஞ்ச காலம் சீறும். அடங்கியிருக்கும்போது எதைத் தின்னாலும் அதுதான் குணமாக்கிச்சுன்னு தோணும். மருந்துக் கம்பெனி ஆளு பை நிறைய கொண்டாந்து காட்டற நற்சாட்சிக் கடுதாசி எல்லாம் இந்த ஜாதிதான்.

— புண்ணா? செரிக்கலை, செரிமானம் கம்மின்னுதானே இத்தனை நாளா சொன்னீங்க?

— நீ என்ன சொன்ன? தின்னா வயிறு கல்லா கெடக்குது, புளிச்ச ஏப்பம் வருதுன்ன. அதை வெச்சுக் குடுத்தேன். உன் புருஷன் திம்மராயனை நான் கண்ணால பாத்திருக்கேனா? கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு எத்தனை தடவை கத்தினேன்?

— வர்ற மனுசனா இருந்தா நான் ஏன் களியில கலக்கப் போறேன்?

— ஆள் பாதியாப் போயிட்டான்னு நீ வந்ததும் சொன்னியே, அதைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு. புண்ணு இருக்கற வயித்துக்கு இந்தப் பொடி ஆகாது. சோத்தைக் கரைக்கிற சாமான் புண்ணையும் அரிக்கும். நீ வேகவெச்சது ஒரு வகையில நல்லதாப் போச்சு.

— நான் பண்ணது தப்பா, சரியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

— ரெண்டும்தான்.

— அட போங்க.

— கோவிச்சுக்காதே. தப்பு என் பேர்லயும் இருக்கு. இந்தப் பொடி கறி, முட்டை, பருப்பு இதுங்களைத்தான் கரைக்கும். ராகியைத் தொடவே தொடாது. எல்லாத்தையும் கரைக்கும்னு கம்பெனி ஆளு சொன்னான், நானும் தலையாட்டினேன்.

— மூணு வேளையும் களி தின்ற ஊருல, களியைக் கரைக்காத பொடிய எதுக்குக் குடுத்தீங்க?

— அலமாரியில அதுதான் இருந்தது.

— நல்லாருக்குது.

— களியைக் கரைக்க முதல் மருந்து எச்சில்தான். நல்லா மென்னு தின்னச் சொல்லு.

— களியை மெல்றதா? வெளியில சொல்லிடாதீங்க, ஓசூர் சந்தையே சிரிக்கும். உருண்டையக் கிள்ளி, குழம்புல பொரட்டி, அப்பிடியே முழுங்கறதுதான் களி. மென்னா பல்லெல்லாம் ஒட்டிக்கும். நீங்க தஞ்சாவூருப் பக்கம் நெல்லுச்சோறு தின்னு வளந்தவங்க, உங்களுக்கு எங்க தெரியும்?

— சரி விடு.

— ஒண்ணு கேக்கறேன். வயித்து நீருன்னீங்களே, எதோட வயித்துல எடுத்தது?

— அது எதுக்கு உனக்கு?

— சொல்லுங்க.

— பன்னி.

— கோயிந்தா! சனிக்கிழமையும் போட்டேனே சாமி! திம்மராயசாமிக்கு ஒருபொழுது இருந்து, நாமம் போட்டுகினு தட்டு முன்னால உக்காந்த மனுசனுக்குப் பன்னி வயித்தையா கிண்டிப் போட்டேன்?

— அதான் வேகவெச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியே.

— வெந்தா பன்னி ஆடாயிடுமா?

— அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல உயிரைப் பாரு. அவன் ஏன் இங்கிலீஷ் மருந்தைத் தொட மாட்டேங்கறான்?

— அவுரு வயித்துல இருக்கறது நோவே இல்லியாம், இடுமருந்தாம்.

— அப்படின்னா?

— வேண்டாதவங்க சோத்துல தெரியாம வெக்கிறது. வசியம் பண்றதுக்கும் வெப்பாங்க, கெடுக்கறதுக்கும் வெப்பாங்க. வயித்துல போயி ஒட்டிகினு வளருமாம், ஆளு இளைச்சிகினே போவானாம். இவுருக்குப் பங்காளி வூட்டுக் கல்யாணத்துல தின்ன பொறவுதான் நோவு வந்துது. பாகலூர் பக்கம் இடுமருந்து எடுக்கறவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டப் போனாரு. இங்கிலீசு மருந்து உள்ள போனா இடுமருந்து இறுகிப் போயி வெளிய வராதுன்னு அவன் சொல்லிட்டான். அதுக்கப்பறம் காய்ச்ச மாத்திரை கூடத் தொட மாட்டேங்கறாரு.

— எப்படி எடுக்கறான் அவன்?

— தழைச்சாறு குடுத்து வாந்தி எடுக்க வெச்சு. போவாதன்னு நான் தலையில அடிச்சிகினேன். இனிமே போறதில்லன்னு மாட்டு மேல கைவெச்சு சத்தியம் பண்ணாரு. அப்பிடியும் இளைக்கறாரே! வேட்டி இடுப்புல நிக்கலைங்க, சணல் கயிறு போட்டு இறுக்கியிருக்காரு. தூங்கறப்ப மூச்சு வருதான்னு கைவெச்சுப் பாக்கறேன். நோவு எதுன்னு சொல்லுங்க, யாரு கால்ல வுழணும்னு சொல்லுங்க, வுழறேன்.

— யார் கால்லயும் விழ வேண்டாம். அவனை ஒரே ஒரு தடவை இந்த மேஜை மேல படுக்க வை. அது போதும்.

— வெளியிலதான் இருக்காரு.

— என்னது?

— புளியமரத்தடியில. வண்டி ஓட்டிகினு வந்தவரே அவுருதான். எனக்கு வயித்து நோவுன்னு பொய் சொன்னேன். மறுபேச்சுப் பேசாம மாட்டைப் பூட்டிட்டாரு.

— உனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையே?

— எனக்கென்ன, கல்லைத் தின்னாலும் கரையும்.

— இவ்வளவு நேரமா இதைச் சொல்லாம என்னைப் பேசவிட்டு வேடிக்கை பாத்தியா? கூப்பிடும்மா!

— ஓடிடுவாரே.

— உன்னைப் பத்திப் பேசணும்னு கூப்பிடு, வருவான்.

— யோவ்! இந்தாய்யா! உள்ள வா! டாக்டரய்யா கூப்பிடறாரு!

— ஆவட்டும், ஆவட்டும். கும்பிடறேனுங்க. என்னாங்க அவளுக்கு? நோவு பெருசுங்களா?

— அவளுக்கு ஒண்ணும் இல்லை. உக்காரு திம்மராயா.

— ஒண்ணுமில்லீங்களா? நல்லாப் பாத்தீங்களா? கண்ணு, நாக்கு எல்லாம்?

— பாத்தாச்சு. நீ சட்டையைக் கழட்டிட்டு இப்படிப் படு.

— நானுங்களா? எனக்கென்ன? இன்னொருக்கா அவளையே பாருங்க.

— யோவ், படுய்யா! வாய்த்தகராறு பண்ணாத. அவுரு எத்தனை நேரம் காத்துகினு இருப்பாரு?

— நீ சும்மா இருமே. ஆவட்டும், படுக்கறேன்.

— இங்க அமுக்கினா?

— ஸ்ஸ்... ஆவட்டும்.

— ஆவட்டும்னா? வலிக்குதா, இல்லையா?

— வலிக்குதுங்க.

— வெளிக்குப் போனா கறுப்பாப் போகுதா?

— ராகி தின்றவனுக்குக் கறுப்பாத்தானேங்க போவும்.

— ஒண்ணு கேட்டுக்கோ. ராகிக் கறுப்பைக் கேக்கலை. ரோட்டுல ஊத்தற தாரு மாதிரி, பிசுபிசுன்னு?

— ஆவட்டும்.

— மறுபடியும் ஆவட்டுமா?

— அப்பிடித்தாங்க போவுது.

— எந்திரி. இது புண்ணு, ரத்தம் கசியுது. இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கே பெங்களூர் பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். எக்ஸ்ரே பிடிச்சுப் பாப்பாங்க.

— இது புண்ணு இல்லீங்க. உங்களுக்குச் சொன்னா வெளங்காது.

— யோவ், இடுமருந்தும் இல்லை, எழவும் இல்லை! இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது? கேளு, கேட்டுட்டு அடிக்கறதுன்னா அடி. உன் களியில நான்தான் பொடி போட்டுகினு இருந்தேன். டாக்டரய்யா குடுத்த பொடி. உனக்குத் தின்னது செரிக்கணும்னு.

— டாக்டரு குடுத்ததா?

— ஆமாம் திம்மராயா, நான் குடுத்ததுதான். அதோ அலமாரியில இருக்கு பார், அதே பாட்டில்.

— வெள்ளையா இருந்தது. முந்தானையில முடிஞ்சி வெச்சிருப்பா. மாவு கொட்டறப்ப வாசலை ஒருதரம் பாத்துட்டு அவுப்பா.

— நீ பாத்தியா?

— பாத்தேன்.

— பாத்துட்டு ஏன்யா கேக்கலை?

— இடுமருந்து வெக்கறவ, கேட்டா சொல்லுவாளா?

— அடப்பாவி மனுசா! நானா? நானாய்யா உனக்கு இடுமருந்து வெப்பேன்? எங்கப்பன் வூட்டுக்குப் போயி ஒரு ராத்திரி தங்கியிருப்பேனா உன்னை வுட்டுட்டு?

— இரும்மா, கத்தாதே. திம்மராயா, அப்ப அந்தக் களியைத் தின்னியா, தின்னலையா?

— அவ திரும்பினதும் உருண்டைய மாட்டுத் தொட்டியில போட்டுருவேன். அவ பாத்துகினு நின்னா தின்னுடுவேன். தின்னுட்டா பாகலூருக்குப் போயி எடுத்துகினு வந்துருவேன்.

— சத்தியம் பண்ணியே! மாட்டு மேல கைவெச்சுப் பண்ணியே!

— பண்ணேன். பொண்டாட்டியே வெக்கிறான்னு தெரிஞ்சப்புறம் சத்தியம் என்னா சத்தியம்?

— அடக் கடவுளே. புண்ணு வயித்தோட தழைச்சாறைக் குடிச்சு வாந்தியா எடுத்துட்டு இருந்த? பாதி நாள் பட்டினி, மீதி நாள் வாந்தி. உடம்பு இளைக்காம என்ன பண்ணும்? நான் பொடியை ஏத்தறேன், இவ உலையில கொட்டறா, நீ மாட்டுக்குப் போடற. நாம யாருக்குய்யா வைத்தியம் பாத்துட்டு இருந்தோம்?

— மாடு நல்லாருக்குதுங்க.

— சிரிப்பு வருதா உனக்கு? அட போய்யா! பட்டினி கெடந்து என்னையும் கொன்னு, உன்னையும் கொன்னுகினு... எழுந்திரு. வண்டிய இங்கியே வுட்டுட்டு பஸ் ஏறலாம். நீ வரலைன்னா உன்னைத் தோள்ல போட்டுகினு போவேன், தூக்கற கனந்தான் இருக்கற இப்ப.

— வரேன்.

— நிஜமாவா?

— வரேன்னு சொல்றேனில்ல. உன் கையில வெசம் இல்லன்னு ஆயிடுச்சு, எங்க வேணும்னாலும் வரேன்.

— அப்பாடா. சட்டையைப் போட்டுக்கோ திம்மராயா. அங்க இருக்கற டாக்டருக்கு ரெண்டு வரி எழுதித் தரேன். வழியில வெத்திலை, சாராயம், காரம் ஒண்ணும் கூடாது. இந்தப் பொடியும் கூடாது. பால் மட்டும் குடி.

— ஆவட்டும். ஆனா என்னை அப்பறம் அனுப்புங்க. மொதல்ல அவளைப் படுக்க வெச்சுப் பாருங்க.

— அவளுக்குத்தான் ஒண்ணும் இல்லையேப்பா. உன்னை இங்க வரவழைக்க அவ பொய் சொன்னா.

— அவ சொன்னது பொய்யாவே இருக்கட்டுங்க. நீங்க பாருங்க. கண்ணைப் பாருங்க, நாக்கைப் பாருங்க, வயித்தை அமுக்குங்க.

— என்னாய்யா ஆச்சு உனக்கு?

— வயித்து நோவுன்னு நீ சொன்னப்ப எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலைமே.

— ஏன் ஓடலை? பயப்படாம சொல்லு திம்மராயா.

— வெச்சது வூட்டுக்காரின்னா, வாந்தி எடுத்தா மட்டும் தீராதுன்னான் பாகலூரான். வெச்சவ வயித்துக்கே அதைத் திருப்பி அனுப்பணுமாம். கறுப்பா ஒரு பொட்டலம் குடுத்தான், என்னா தழை, என்னா வேருன்னு நான் கேக்கலை. அதைத்தாங்க டாக்டரய்யா, போன பண்டிகையில இருந்து அவ குடிக்கிற மோர்ல போட்டுகினு வரேன்.