முகம் பார்க்காமல் வெட்டிய படம்

அவையின் தலைமைப் பொறுப்பேற்று, அமைதியே அணிகலனாய் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! நான் பேசத் தொடங்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோர்களே! ஆண்டவன் பெயரால் கூட்டம் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் வீட்டுப் படங்களுக்கு இருபத்தாறு வருடமாய் மரச்சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொடுத்துவரும் இந்தத் தொழிலாளியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று என்னை எதற்காக மேடையேற்றினீர்கள்? ஒரு தீர்மானத்தை முன்மொழிய. தீர்மானம் என்ன சொல்கிறது? நூலக மாடியில் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் நம் இறைவனை இழிவாக வரைந்த பெண், பக்கத்தில் மாட்டியிருந்த நம் தையல்காரம்மாவின் பக்திப் படத்தையும் கத்தியால் கிழித்துவிட்டாள் என்கிறது. ஆகவே அவளை மருத்துவமனைச் சலவைக்கூட வேலையிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்கிறது. மூன்று வாரமாக அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இன்று மாலை ஐந்தரை மணி வரை தம் அறையில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம் தீர்மானம் போய்ச் சேர்ந்தால், பதினாறு வருடமாக நோயாளிகளின் போர்வை துவைத்த ஒருத்தியின் வேலை இன்றோடு போய்விடும்.

அன்பானவர்களே, அந்தத் தீர்மானத்தில் ஒரு தவறு இருக்கிறது. தையல்காரம்மாவின் படத்தைக் கிழித்தது அந்தப் பெண் இல்லை. நான்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். "என்னய்யா உளர்ற?" என்று மூன்றாவது வரிசையில் ஒருவர் கேட்கிறார். உளறவில்லை ஐயா. மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதுதான் அயோக்கியத்தனம். இன்று பேசுவது முழுவதும் உண்மை. தலைவர் அவர்களே, மணியை அடிக்காதீர்கள். முழுவதையும் சொல்லி முடித்த பிறகு நீங்கள் என்ன செய்தாலும் கட்டுப்படுகிறேன்.

அந்தப் பெண் என்ன வரைந்தாள்? உறங்காதவன், இமைக்காதவன், ஒரு நொடியும் நம்மை மறக்காதவன் என்று நாம் நாள்தோறும் பாடுகிறோமே, அவனை மருத்துவமனை வராண்டா பெஞ்சில் வாய் பிளந்து தூங்குகிறவனாக வரைந்தாள். கேள்விப்பட்டதும் எனக்குக் கொதித்தது. பொய் சொல்லமாட்டேன், நெஞ்சு வலித்தது. பெற்ற தகப்பனை நடுத்தெருவில் நிறுத்தி ஒருவன் ஏசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்த வலியைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்த வலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் மைத்துனரிடம் சொன்னேன்: "அந்தப் படம் அங்க இருக்கக் கூடாது மாப்ள. நீ படிக்கட்டுல நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்." அவர் பயந்த சுபாவம். "மாமா, ஒரு தடவ போய் என்னன்னு பாத்துட்டாவது வருவோமே," என்றார். நான் சீறினேன். "பாக்கறதே பாவம்டா. அதைக் கண்ணால பாத்துட்டு வந்து இந்தக் கண்ணாலயே சாமியையும் பாக்கச் சொல்றியா?" என்றேன். எவ்வளவு பெரிய பக்தன் பாருங்கள். கிழிப்பது பாவமில்லை, பார்ப்பதுதான் பாவம். இப்படி ஒரு கணக்கு எந்த மறையில் எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. என் மண்டைக்குள் எழுதியிருந்தது.

ஆகவே பார்க்கக் கூடாது என்று சபதம். சன்னல் இல்லாத சுவரில் நான்கு படங்கள், அதில் மூன்றாவது என்று யாரோ அடையாளம் சொன்னார்கள். போதும் என்று கிளம்பினேன். மதியச் சாப்பாட்டு வேளை, மாடியில் ஈ காக்கை இல்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்படிக்கட்டு வழியாக ஏறினேன். தரையைப் பார்த்துக்கொண்டே போய், சுவரைத் தடவி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு அல்லவா அது மூன்றாவது? பின்வழியாக வந்தவனுக்கு அது இரண்டாவது. இந்தச் சின்ன விஷயம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

தாய்மார்களே, எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சட்டம் போடுகிறவன் படத்தை முகம் குப்புறக் கிடத்தித்தான் வேலை செய்வான். எங்களுக்கு முதுகுதான் தெரியும். ஆணியும் கொக்கியும் ஒட்டின காக்கித்தாளும்தான் தெரியும். படத்தில் இருப்பது பாட்டனா, பூச்சாடியா என்று பார்க்காமலே நாளைக்குப் பத்துப் படம் முடிப்பேன். அன்றும் அதே பழக்கம். கழற்றினேன், கவிழ்த்தேன், கடையிலிருந்து கொண்டுபோன கத்தியால் பின்பக்கமிருந்து குறுக்கும் நெடுக்குமாய்க் கீறினேன். திரும்ப மாட்டினேன். ஒரு கணம்கூட அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மூலையை என் விரல் தொட்டபோது அது என் விரலுக்குத் தெரிந்த மூலையாக இருந்தது. நானே இழைத்து, நானே பொருத்திய மூலை. தையல்காரம்மாவுக்குச் செய்துகொடுத்த சட்டம். கை சொன்னது, கோபம் கேட்கவிடவில்லை. வீட்டுக்குப் போய் வயிறார உண்டேன், ஆண்டவனுக்குத் தொண்டு செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கடை திறந்தேன். வாசலில் தையல்காரம்மா நிற்கிறார். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல் அணைத்துப் பிடித்திருக்கிறார் அந்தப் படத்தை. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து, மீந்த நேரத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து வரைந்த படம். நம் வழிபாட்டுக் கூடத்து வாசலில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி இறைவனுக்குக் காட்டும் படம். தாயின் கழுத்தில் ஒரு கீறல். பிள்ளையின் முகத்தில் ஒரு கீறல். என் கத்தி.

"அண்ணே, இதை ஒட்ட முடியுமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? "பாக்கறேன்மா," என்றேன். பார்க்கவே மாட்டேன் என்று சபதம் போட்டவன் சொன்ன பதில் அது.

நான் படத்தைக் கிழித்த அன்று மதியம் அந்தச் சலவைக்கூடப் பெண் கண்காட்சிக்கு வந்து போனதை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். போதாதா நமக்கு? கடவுளைத் தூங்க வைத்தவள் பக்திப் படத்தைக் கிழிக்கமாட்டாளா என்று ஊரே தீர்ப்பு எழுதியது. இந்த அரங்கில்தான் நாம் அதைக் கைதட்டி வரவேற்றோம். நானும் தட்டினேன். ஆனால் ஒரே ஒருவர் தட்டவில்லை. தையல்காரம்மா என் கடையில் நின்று சொன்னார்: "அவங்க செஞ்சிருக்க மாட்டாங்கண்ணே. படம் மாட்டுன அன்னிக்கு ஸ்டூல்ல ஏறியும் எனக்கு எட்டல. அவங்கதான் ஏறி ஆணி அடிச்சுக் குடுத்தாங்க. 'உங்க படத்துல அந்தப் புள்ள சிரிக்குதுங்க'ன்னு சொன்னாங்க." நான் தலையைக் குனிந்துகொண்டு மரத்தை இழைத்தேன்.

போன வாரம், மனசு உறுத்தல் தாங்காமல், முன்வாசல் வழியாக ஏறிப்போய் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். இறைவன் தூங்குகிறான். கால்கள் வீங்கியிருக்கின்றன. மடியில் சீட்டு சீட்டாய்க் காகிதங்கள், வரிசை எண் போட்ட காகிதங்கள். சுற்றிலும் காத்திருக்கும் மனிதர்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை, எழுப்பவும் துணியவில்லை. எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அவன் தூங்குவதில்லை என்றுதான் நான் நம்புகிறேன், சாகும்வரை நம்புவேன்.

அவள் அங்கேதான் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வேலை இல்லை, எங்கே போவாள்? கேட்டேன்: "ஏம்மா இப்படி வரைஞ்சே?"

"எங்கம்மாவ அந்த வராண்டாவுல பதினோரு நாள் போட்டிருந்தாங்க சார். கட்டில் கிடைக்கல. பக்கத்துக் கட்டடத்துல நான் போர்வை துவைக்கறேன், எங்கம்மாவுக்கு ஒரு போர்வை இல்ல. அவங்க உங்க சாமியத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. சாமி எழுந்திரிக்கல."

"கோவமா?" என்றேன்.

"கோவம் இல்லாமலா வரைவாங்க?" என்றாள். பிறகு, "நான் கும்பிடறவ இல்ல சார். உள்ளுக்குள்ள பக்தின்னு மாத்திக் கீத்திச் சொல்லிடாதீங்க," என்றும் சொன்னாள். ஆகவே நான் மாற்றிச் சொல்லவில்லை. அவள் நம்பாதவள். ஆனால் நம்பாத அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நம்புகிற நான் மூன்று வாரம் ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. கோழை அல்லவா, இறங்கி வந்துவிட்டேன்.

சகோதரர்களே, ஒன்று கேட்கிறேன். ஒரு முழத் துணியில் பூசிய வண்ணத்தால் கறைபட்டுப்போகும் கடவுளையா நாம் கும்பிடுகிறோம்? மலையைப் படைத்தவனுக்கு என் மைத்துனர் காவல் நிற்க வேண்டுமா? கடலை அளந்தவனுக்கு என் கடைக் கத்தி துணை வேண்டுமா? அன்று என் கையில் கத்தி இருந்தது, நெஞ்சில் கடவுள் இல்லை. கடவுளை நம்பியிருந்தால் கத்தியை நம்பியிருக்கமாட்டேன்.

"அப்ப சும்மா வாய பொத்திக்கிட்டு இருக்கணுமா?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இருக்க வேண்டாம் ஐயா. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுவோம். உரக்கச் சொல்லுவோம், ஊரறியச் சொல்லுவோம். ஆனால் முதலில் போய்ப் பார்ப்போம். பார்க்காமல் கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மேடையில் நிற்கிற நானே போதும். பார்த்த பிறகும் பிடிக்கவில்லையா? எதிரே நின்று, "அம்மா, எங்கள் இறைவன் தூங்குகிறவன் இல்லை," என்று வாதாடுவோம். எழுதுவோம். வரையத் தெரிந்தவர்கள் வரைவோம். தையல்காரம்மா வரைந்தாரே, ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதாக, அதைவிடச் சிறந்த மறுமொழி உண்டா? அந்த மறுமொழியைத்தான் நான் கிழித்தேன்.

வாதாடிவிட்டு இன்னொன்றும் செய்திருக்கலாம். அந்த வராண்டாவுக்கு ஆளுக்கொரு போர்வை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இத்தனை பேர் இருக்கிறோம், எல்லோர் வீட்டுப் பீரோவிலும் ஒரு போர்வை சும்மா கிடக்கிறது. இறைவன் விழித்திருக்கிறான் என்று நிரூபிக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மா அங்கே கிடந்த பதினோரு நாளும் நாம் இந்தக் கூடத்தில்தான் பாடிக்கொண்டிருந்தோம்.

இறைவனை இழிவுபடுத்தியது யார் என்று இந்தக் கூட்டம் கேட்கிறது. அவள் அவனை உறங்குகிறவனாக வரைந்தாள். நான் அவன் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் முகத்தைக் கிழித்தேன், அந்தப் பழியைத் தாயை இழந்த ஒருத்தியின் தலையில் கட்டினேன். எது பெரிய நிந்தனை? கைதட்டாதீர்கள், தயவுசெய்து. இது கைதட்டு வாங்குகிற பேச்சு இல்லை.

தையல்காரம்மா, நீங்கள் நான்காவது வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக வந்து சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லாமல் போயிற்று, அதனால் ஊரறியச் சொல்கிறேன். உங்கள் படத்தைக் கிழித்தவன் நான். என்னை மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. அமைதி, அமைதி, அவர் பேசட்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள், நானே திருப்பிச் சொல்கிறேன். "மன்னிக்கறது அப்புறம் இருக்கட்டும்ண்ணே. மொதல்ல போய் அவங்க வேலையக் காப்பாத்துங்க," என்கிறார். "நானும் கூட வர்றேன்," என்கிறார்.

தலைவர் அவர்களே, நீங்கள் கொடுத்த தீர்மானத்தை நான் முன்மொழியப் போவதில்லை. நடந்ததை என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். அது முதலில் கண்காணிப்பாளருக்கு, அங்கிருந்து காவல் நிலையத்துக்கு. என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். கடையை என் மைத்துனர் பார்த்துக்கொள்வார், அவரைக் கோபிக்காதீர்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மணி ஐந்தாகப் போகிறது. இங்கிருந்து மருத்துவமனை இருபது நிமிட நடை. இவ்வளவு நேரம் என்னைக் கல்லால் அடிக்காமல் காது கொடுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், மணியை அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம். கதவோரம் நிற்கும் தம்பிகளே, கொஞ்சம் வழி விடுங்கள். அம்மா முன்னால் போகட்டும்.