சாவிக் குறியிட்ட படங்கள்

கேமராவின் பின்திரையில் பாதுகாப்புத் தாள் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு தூசி அகப்பட்டாலும் குமிழ் நின்றுவிடும். நான் என் போட்டோக் கடைக்குப் பின்னால் இருக்கும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசி அடங்கிய பிறகு அங்கேயே நின்று ஒட்டுவேன். எங்கள் செவ்லியேவோ ஊரில் வேறு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

ராலிட்சாவின் கேமராவுக்கும் அப்படித்தான் ஒட்டினேன், ஐயா. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அவள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். திரை முழுக்க விரிசல். பாதி கறுத்துப் போயிருந்தது.

"எப்படிம்மா உடைஞ்சுது?"

"கிராசிமிர் சுவத்துல அடிச்சார். கேமராவையாவது சரிபண்ணலாமேன்னு கொண்டுவந்தேன், கீரில் அண்ணா." உதட்டில் தையல் இருந்ததால் பாதிதான் சிரித்தாள். "உள்ள இருக்கிற படமெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுங்க. திங்கட்கிழமை கோர்ட்ல மனு குடுக்கறேன். அவரை வீட்டை விட்டு வெளிய வைக்கச் சொல்லி. அவருக்கு இன்னும் தெரியாது."

அவள் கணவன் கிராசிமிர் தேவாலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவன். என் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.

பழைய கேமரா ஒன்றின் திரையை எடுத்துப் பொருத்தினேன். சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்கப் படங்களைத் திறந்தேன். சன்னல் வெளிச்சம் கூசியது; கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். கழுத்து. முதுகு. கண். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னச் சாவிக் குறி. தவறுதலாக அழிந்துவிடக் கூடாதென்று அவள் பூட்டி வைத்திருந்தாள்.

நான் தவறுதலாக அழிக்கவில்லை. ஒவ்வொரு பூட்டாகத் திறந்து அழித்தேன்.

அந்த வாரம் மன்னிப்பு ஞாயிறு வந்தது. நோன்புக்கு முன் கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். அப்படிப்பட்ட படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியால் எப்படி மன்னிக்க முடியும்?

சனிக்கிழமை அவளிடம், "அடிபட்டதுல படமெல்லாம் போயிடுச்சும்மா," என்றேன்.

அவள் மாற்றிப் போட்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ நான் சொல்றதை யார் நம்புவா, அண்ணா?"

"நாளைக்கு அவன் மன்னிப்புக் கேட்பான். நீயும் மனசார மன்னிச்சிடு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்லதை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பழக்கமில்லை. மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் கிராசிமிரைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோர்ட்டுக்கா? அவளா?" என்றான். "மூணாவது தெருவுக்குத் தனியாப் போகத் தெரியாதே அவளுக்கு!"

"பயப்படாதேடா தம்பி. ஒரு படமும் இல்ல, நானே அழிச்சிட்டேன். நீ முழங்கால் போட்டுக் கேளு, போதும்."

அவன் என் கையை முத்தமிட்டான். கண்கள் கலங்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கேட்கத்தான் செய்தானாம். அவள் பதில் சொல்லவில்லையாம். மேசையில் அந்த நாளுக்கென்று வைக்கும் அல்வா துண்டு போடாமல் அப்படியே இருந்தது, கத்தி மட்டும் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அவள் மேல் கத்தியை எடுத்தவன் அவன். அதற்கு முன்னால் அவளிடம் இருந்த ஒரே காவலை எடுத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்.

கதவுகளில் ஒட்டும் இரங்கல் தாளுக்கு ராலிட்சாவின் படம் கேட்டு அவள் அக்கா என்னிடம்தான் வந்தாள். அடையாள அட்டைக்காக நான் எடுத்த பழைய படம் ஒன்று கடையில் இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே லேசாக நீலம் பாரித்திருந்தது. அக்கா கேட்கவில்லை, நானாகவே அதையும் அழித்துக் கொடுத்தேன்.